உங்கள் பிள்ளையின் பள்ளிச் சத்துணவைக் கவனிப்பது எப்படி?

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோருக்காகவும், பள்ளி மேலாண்மைக் குழுவில் புதிதாகச் சேர்ந்து "சத்துணவுல நாங்க என்னத்தைப் பார்க்கணும்?" என்று கேட்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். விருதுநகர் மாவட்டத்தில் திருச்சுழிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் கால் நூற்றாண்டு சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் எங்களைச் சத்துணவு டீச்சர் என்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர் எதைப் பார்த்தால் உண்மை தெரியும், எதைப் பார்த்துவிட்டு வீணாகச் சண்டைக்கு நிற்பார் என்று சமையலறைக்குள் இருந்தவளுக்குத் தெரியும்.

யாருக்கு உரிமை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மூன்றிலும் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி நாள்தோறும் மதிய உணவு இலவசம் என்கிறது. தமிழ்நாட்டில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கும் மாநில அரசு தன் பணத்தில் தருகிறது. வருமானச் சான்றிதழ் வேண்டாம், சாதிச் சான்றிதழ் வேண்டாம். பிள்ளை பள்ளியில் படிக்கிறது, சாப்பிட விரும்புகிறது, அவ்வளவு போதும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இது கிடையாது. கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் அங்கே சேர்ந்த ஏழைப் பிள்ளைகளும் வீட்டிலிருந்துதான் சோறு கொண்டுபோக வேண்டும்.

நூற்பாலைக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்கு வரும் வெளியூர், வெளிமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப் போடக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளைக்கும் தட்டு உண்டு. "அடுத்த மாசம் பட்டியல்ல சேர்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். அந்தப் பிள்ளைக்காகப் பேச ஊரில் பெரும்பாலும் வேறு ஆள் இருப்பதில்லை.

பணம் எப்படி வருகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் கேள்வி கேட்டால் தப்பான ஆளிடம் கேட்டுவிடுவோம். எட்டாம் வகுப்பு வரைக்கும் மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பங்கு போடுகின்றன. மத்திய அரசு 2021 முதல் இதற்குப் பி.எம். போஷன் என்று பெயர் வைத்திருக்கிறது. அரிசி இந்திய உணவுக் கழகத்திலிருந்து இலவசமாக வருகிறது. பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருளுக்கு என்று ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கு. 2025 மே 1 முதல் அது தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 6.78 ரூபாய், ஆறு முதல் எட்டு வரை 10.17 ரூபாய்.

முட்டை இந்தக் கணக்கில் கிடையாது, அது முழுக்க மாநில அரசின் செலவு. நான் வேலைக்குச் சேர்ந்த 1999-ல் வாரத்துக்கு ஒரு முட்டைதான். 2006-ல் இரண்டு, அடுத்த வருடம் மூன்று, 2010-லிருந்து ஐந்து நாளும். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். சமையல் ஆட்களின் சம்பளமும் இப்படித்தான். மத்திய அரசு கணக்கில் ஒரு சமையல் ஆளுக்கு 2009-லிருந்து மாதம் 1,000 ரூபாய்தான், அதுவும் வருடத்தில் 10 மாதத்துக்கு மட்டும். அதற்கு மேல் கிடைப்பது எல்லாம் மாநிலம் போடுவது.

தமிழ்நாட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு ஆகியவை நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து பொருளாகவே பள்ளியின் சத்துணவு மையத்துக்கு வந்து இறங்கும். காய்கறிக்கும் மசாலாச் சாமானுக்கும் எரிபொருளுக்கும்தான் பணமாக வரும். அதனால் பருப்பு இல்லை என்றால் ஒரு காரணம், காய்கறி இல்லை என்றால் வேறு காரணம். பருப்பு வராததற்கு அமைப்பாளரைத் திட்டிப் பயனில்லை, அவர் கடையில் வாங்குகிற சாமான் அல்ல அது. காய்கறி சாம்பாரில் கண்ணில் படவே இல்லை என்றால் அதை அவரிடம் கேட்கலாம். ஆனால் அன்றைக்கு என்ன விலை என்பதையும் சேர்த்தே கேளுங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. புதன்கிழமை தக்காளி சாதம் என்று உணவுப் பட்டியலில் இருக்கிறது, வரும் பணமோ அதே பணம். ஆறு ரூபாய் எழுபத்தெட்டு காசுக்கு ஒரு டீ கூட வாங்க முடியாது. ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்கு இது போதாது என்பதே என் உறுதியான எண்ணம். கிராம சபையில் சத்துணவு பற்றிப் பேசினால் இதையும் பேசுங்கள்.

எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள்

அரிசி, முட்டை, பணம் எல்லாமே தலைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. எனவே "இன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள்" என்ற எண்தான் மொத்தக் கணக்குக்கும் ஆணிவேர். பள்ளிக்குப் போனால் முதலில் அதைக் கேளுங்கள்.

பதினொன்றரை மணி வாக்கில் போங்கள். அதற்கு முன்னால் போனால் அடுப்படியில் எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள், பதில் சொல்ல நேரம் இருக்காது. சாப்பாட்டு மணி அடித்த பிறகு போனால் பானையில் எவ்வளவு வெந்தது என்று தெரியாது. தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு உள்ளே போங்கள். மேலாண்மைக் குழு உறுப்பினருக்குச் சத்துணவைப் பார்வையிடும் பொறுப்பு 2015-ன் மதிய உணவு விதிகளிலேயே இருக்கிறது, தயங்க வேண்டாம்.

மூன்று எண்களைப் பாருங்கள். வகுப்பு வருகைப் பதிவேட்டில் இன்று வந்தவர்கள், சத்துணவுப் பதிவேட்டில் சாப்பிடுவோர், பந்தியில் நீங்களே எண்ணியவர்கள். முதல் இரண்டு எண்களும் சமமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 48 பேர் வந்த பள்ளியில் ஏழு பேர் வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்திருந்தால் சத்துணவு எண் 41. இரண்டாவதும் மூன்றாவதும்தான் ஒத்துப்போக வேண்டும். ஒன்றிரண்டு பேர் வித்தியாசம் வரும், பிள்ளை வயிற்று வலி என்று வீட்டுக்குப் போயிருக்கும். நான் பார்க்கச் சொல்வது வேறு. பழைய பக்கங்களைப் புரட்டி, பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள், தீபாவளிக்கு மறுநாள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஊரே உறவுக்காரர் வீட்டில் இருக்கும் நாளிலும் அதே 41 பேர் சாப்பிட்டதாக இருந்தால் விளக்கம் கேட்க வேண்டும். அதிகாரி வந்தாலும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திருப்புவார்.

அப்புறம் அளவு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை தலைக்கு 100 கிராம் அரிசி, ஆறாம் வகுப்பிலிருந்து 150 கிராம். சாப்பிடுவோர் 48 சின்னப் பிள்ளைகள் என்றால் 4 கிலோ 800 கிராம் அரிசி உலையில் போயிருக்க வேண்டும். மத்திய அரசின் அளவுப்படி தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். 48 பேருக்குக் காய்கறி 2 கிலோ 400 கிராம். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும் அளவு இது. பருப்பு மட்டும் நாளுக்கு நாள் மாறும், அன்றைக்குச் சாம்பாரா கலவை சாதமா என்பதைப் பொறுத்தது. முட்டை வாரத்துக்கு 240, அதாவது முப்பது முட்டை அட்டையில் எட்டு அட்டை.

தட்டில் விழும் சோற்றை வைத்து மட்டும் அளவை முடிவு செய்யாதீர்கள். நூறு கிராம் அரிசி வெந்தால் இருநூற்றைம்பது கிராமுக்கு மேல் வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அவ்வளவு சாப்பிடாது, ஐந்தாம் வகுப்புப் பையன் அதைச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி கேட்பான். சின்னவன் விட்டது பெரியவனுக்குப் போகும், அது சரியான பங்கீடுதான். இரண்டாவது முறை கேட்கும் பிள்ளைக்கு மறுக்காமல் கிடைக்கிறதா என்று மட்டும் நின்று பாருங்கள். மூட்டை இறங்கும் நாளில் தராசில் வைத்து எடை பார்த்து வாங்குகிறார்களா என்றும் கேளுங்கள். அமைப்பாளர் தனியாக அதை வற்புறுத்துவது கடினம். குழு உறுப்பினர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அவருக்கு அது பெரிய பலம்.

பட்டியலும் தட்டும்

கலவை சாதப் பட்டியல் 2013-ல் சில ஒன்றியங்களில் சோதனையாக வந்து அடுத்த ஆண்டு எல்லா இடத்துக்கும் விரிந்தது. முதல் வாரமும் மூன்றாம் வாரமும் ஒரு பட்டியல், இரண்டும் நான்கும் வேறு. வெஜிடபிள் பிரியாணி, புளி சாதம், எலுமிச்சை சாதம் என்று போகும், முட்டையும் மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று மாறும். செவ்வாய்க்கிழமை பயறோ கொண்டைக்கடலையோ, வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு. இந்தப் பட்டியல் சமையலறைச் சுவரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதியிருக்க வேண்டும். உங்கள் பிள்ளையை வீட்டில் "இன்னைக்கு என்ன போட்டாங்க?" என்று தினமும் கேட்டு ஒரு காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். ஒரு மாதக் குறிப்பு கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்கு இருக்கும் மதிப்பே வேறு.

அரிசியில் வெள்ளையாக, கொஞ்சம் வேறு மாதிரி சில மணிகள் இருக்கும். ஊறப்போட்டால் மிதக்கவும் செய்யலாம். பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் புரளி வந்து எங்கள் ஊரில் பெற்றோர் கூட்டமாக வந்துவிட்டார்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகளை நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று கலக்கிறார்கள். பொறுக்கி எறிந்துவிட்டால் சோகை பிடித்த பிள்ளைக்குப் போக வேண்டிய சத்து குப்பைக்குப் போகும். பொறுக்க வேண்டாம் என்று சமையல் செய்பவரிடமும் சொல்லி வையுங்கள்.

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் பழசு. அதை வேகவைக்காமல் தனியே எடுத்து எண்ணிக்கையை எழுதி வைத்தால் மாற்றித் தரக் கேட்கலாம். பிள்ளைகளுக்குப் போடும் முன் ஆசிரியர் ஒருவர் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பதிவேட்டில் ஒரே மையில், ஒரே நேரத்தில் போட்ட மாதிரி ஒரு மாதக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் போகும் நாளில் நீங்களும் ஒரு கை சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சமையலறை

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கூரைச் சமையலறையில் பிடித்த தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோனது. 2013-ல் அதே ஜூலை 16 அன்று பீகாரின் கண்டாமன் கிராமத்தில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜூலை வந்தால் எனக்கு மனசு பதறும். உங்கள் குழுக் கூட்டத்தில் சமையலறைக்கென்று ஒரு மாதம் ஒதுக்குவதானால் அது ஜூலையாக இருக்கட்டும்.

பார்க்க வேண்டியவை: கூரை ஓலையோ கீற்றோ இல்லாமல் இருக்க வேண்டும். வகுப்பறைக்கும் அடுப்புக்கும் இடையில் தடுப்பு இருக்க வேண்டும். எரிவாயு உருளைக்கு டியூப் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். மணலும் தண்ணீர் வாளியும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? எண்ணெய், அது வந்த உறையிலோ அதற்கென்றே வைத்த பாத்திரத்திலோ மட்டும்தான் இருக்க வேண்டும், பழைய கேன் எதுவும் உள்ளே வரக் கூடாது. எறும்புப் பொடி, எலி மருந்து, பினாயில் ஆகியவை அந்த அறைக்குள்ளேயே இருக்கக் கூடாது. தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தைச் "சும்மா ஓரமா" வைத்துவிட்டுப் போகிறவர்கள் கிராமத்தில் உண்டு. அவர் யாராக இருந்தாலும் எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கடைசியாக எப்போது கழுவியது என்று தேதி எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பந்தியில் சாதி

இதை மறைத்துப் பேச முடியாது. 2018-ல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் பட்டியல் சமூகத்துப் பெண் சமைக்கக் கூடாது என்று சிலர் எதிர்த்து நின்றது மாநிலம் முழுக்கச் செய்தியானது. செய்தியாகாத ஊர்கள் எத்தனையோ. உங்கள் பள்ளியில் ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் திடீரென்று சேர்ந்தாற்போல் டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பித்தால், சமையலுக்குப் புதிதாக யார் வந்தார்கள் என்று பாருங்கள். பிள்ளைகள் தெருவாரியாகத் தனித்தனி வரிசையில் உட்காருகிறார்களா, ஒரு சிலரை மட்டும் தட்டு கழுவவும் தண்ணீர் தூக்கவும் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். இதைச் சரிசெய்ய நான் கண்ட வழி ஒன்றுதான். குழு உறுப்பினர்கள், குறிப்பாக எதிர்ப்புக் கிளம்பும் தெருவைச் சேர்ந்தவர்கள், வாரத்தில் ஒரு நாள் அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்து சமைக்கும் அந்த அம்மா கையால் வாங்கிச் சாப்பிட வேண்டும். அப்படியும் தொல்லை தொடர்ந்தால் அது தீண்டாமைக் குற்றம். ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்கிற விஷயமே அல்ல, ஆட்சியருக்கும் காவல் துறைக்கும் எழுதுங்கள்.

காலை உணவு தனிக் கணக்கு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும், பிறகு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. ஒன்று முதல் ஐந்து வரைதான். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். கிராமங்களில் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள், சத்துணவு அமைப்பாளருக்கு இதில் பொறுப்பு இல்லை. காலை உணவு தாமதமானால் அவரிடம் போய் நிற்காதீர்கள். நடுநிலைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புத் தம்பி சாப்பிடுவதை ஆறாம் வகுப்பு அக்கா பார்த்துக்கொண்டு நிற்பாள். இது எட்டாம் வகுப்பு வரை நீள வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள்.

குறை இருந்தால்

முதலில் அமைப்பாளரிடமும் தலைமை ஆசிரியரிடமும் நேரில் பேசுங்கள், பாதி விஷயம் அங்கேயே முடியும். முடியாவிட்டால் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும். பிறகு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவு, அதற்கு மேல் மாவட்ட ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு). திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். போக முடியாதவர்கள் முதல்வர் உதவி மையத்தின் 1100 அல்லது கல்வித் துறையின் 14417 எண்ணில் சொல்லலாம்.

மனுவில் கோபத்தைக் காட்டாதீர்கள், தேதியையும் எண்ணையும் காட்டுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"எங்கள் பள்ளியில் சத்துணவு உண்ணும் மாணவர்கள் 41 பேர். இம்மாதம் 3, 4, 5 ஆகிய மூன்று பள்ளி நாள்களில் உணவு வழங்கப்படவில்லை. பொருள் வராததே காரணம் என்று தெரிவிக்கப்பட்டது. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல் இணைத்துள்ளோம். மதிய உணவு விதிகள் 2015-ன்படி மேற்கண்ட நாள்களுக்கான உணவுப் பாதுகாப்புப் படியை மாணவர்களுக்கு வழங்குமாறும், தடங்கலுக்குக் காரணம் கண்டறிந்து பதில் அளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

அந்த உணவுப் பாதுகாப்புப் படி பலருக்குத் தெரியாத உரிமை. அரிசி இல்லை, எரிபொருள் இல்லை, சமைக்க ஆள் இல்லை என்று எந்தக் காரணத்தால் சமையல் நின்றாலும், அந்த நாளுக்குரிய அரிசியையும் சமையல் செலவுப் பணத்தையும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாளோ மாதத்தில் ஐந்து நாளோ நின்றால் யார் பொறுப்பு என்று அரசு விசாரித்தாக வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் உங்கள் மையத்துக்கு அந்த மாதம் வந்த அரிசி, பருப்பு, முட்டை, பணம் எவ்வளவு என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

மனு எழுதும்போது பணியிடம் காலியா என்பதையும் விசாரித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைப் பொறுப்பில் பார்ப்பதும், சமையல் உதவியாளர் இல்லாமல் ஓர் அம்மாவே அறுபது பேருக்கு ஆக்கி இறக்குவதும் பல இடங்களில் நடக்கிறது. 26 முதல் 100 பிள்ளைகள் வரை இருந்தால் சமையலுக்கு இரண்டு பேர் என்பது மத்திய அரசின் அளவுகோல். ஒருவர்தான் இருக்கிறார் என்றால் "காலிப் பணியிடத்தை நிரப்புக" என்பதையே மனுவின் முதல் வரியாக வையுங்கள். சோறு குழைந்ததும் காய் வேகாததும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. மனுவின் நகலையும் ரசீதையும் தீர்மானப் பதிவேட்டிலேயே ஒட்டி வைத்தால், அடுத்து வரும் புதுக் குழு விட்ட இடத்திலிருந்து கேட்க முடியும்.